பக்கவாதம் வந்தவருக்குத் தோள் ஏன் வலிக்கிறது?

பக்கவாதம் வந்தவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பி ஒன்றரை மாதம் ஆகியிருக்கும். கால் கொஞ்சம் தேறி, யாரையாவது பிடித்துக்கொண்டு நாலு அடி நடக்கவும் தொடங்கியிருப்பார். அந்த நேரம் பார்த்துச் செயலிழந்த பக்கத்துத் தோள் வலிக்க ஆரம்பிக்கும். சட்டை போடும்போது வலி, புரண்டு படுக்கும்போது வலி, பிசியோதெரபிஸ்ட் கையைத் தொட்டாலே வலி. வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். மூட்டு விலகிவிட்டது என்பார் ஒருவர், வாயு என்பார் இன்னொருவர். பயிற்சி அதிகமாகிவிட்டது என்று ஒருவர் குறைப்பட்டுக்கொள்வார். "உணர்ச்சி திரும்புது, நல்லதுதான்" என்றும் யாராவது ஆறுதல் சொல்வார்கள். இவற்றில் அந்த ஆறுதல்தான் ஆபத்தானது. வலியைக் கவனிக்க வேண்டிய வாரங்களில் அதைப் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறது.

இது அபூர்வமான சிக்கல் இல்லை. ஆய்வுக்கு ஆய்வு கணக்கு மாறினாலும், பக்கவாதம் வந்தவர்களில் நாலில் ஒருவருக்கோ மூன்றில் ஒருவருக்கோ இந்த வலி வருகிறது என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. கை முழுவதும் செயலிழந்தவர்கள், தொடு உணர்ச்சி போனவர்கள், சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு இன்னும் அதிகம். பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று மாதங்களுக்குள் தொடங்கிவிடும்.

குழப்பம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. தோள் வலி என்ற ஒரே பெயருக்குள் ஐந்தாறு வெவ்வேறு கோளாறுகள் அடங்கியிருக்கின்றன. சில மூட்டில் இருக்கின்றன, சில தசையில், ஒன்று மூளையிலேயே இருக்கிறது. எந்த வகை என்று பார்க்காமல் தொடங்கும் சிகிச்சை பல நேரம் வீணாகிறது. சில நேரம் வலியைக் கூட்டியும் விடுகிறது.

## தோள் மூட்டு எப்படி நிற்கிறது

தோள் ஒரு பந்துக்கிண்ண மூட்டு. மேற்கை எலும்பின் உருண்டைத் தலை பந்து. தோள்பட்டை எலும்பின் ஓரத்தில் இருக்கும் குழி கிண்ணம். இடுப்பு மூட்டில் கிண்ணம் ஆழமானது, பந்து அதற்குள் நன்றாக அமர்ந்திருக்கும். தோளில் அப்படியில்லை. குழி மிகவும் ஆழம் குறைந்தது. ஒரு சமயத்தில் பந்தின் பரப்பில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோதான் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும். சிறிய தட்டு ஒன்றைச் செங்குத்தாகப் பிடித்து, அதன்மேல் பந்தை ஒட்டி நிறுத்தச் சொன்னால் எவ்வளவு சிரமமோ அந்தச் சிரமம் தோளுக்கு நாள் முழுக்க இருக்கிறது. கையை எல்லாத் திசையிலும் சுழற்ற முடிகிறதே, அதற்கு நாம் கொடுக்கும் விலை இது.

பந்தை நழுவவிடாமல் பிடித்திருப்பவை தசைகளும் மூட்டைச் சுற்றியுள்ள உறையும். தோள்பட்டை எலும்பிலிருந்து புறப்பட்டு மேற்கை எலும்பின் தலையைச் சூழ்ந்து பிடிக்கும் நான்கு தசைகளின் தொகுதிக்கு ரொட்டேட்டர் கஃப் என்று பெயர். அதில் மேலே படுத்தவாக்கில் ஓடும் சுப்ராஸ்பைனேட்டஸ் என்ற தசை நமது விஷயத்தில் முக்கியமானது. சும்மா தொங்கும் கை கீழே இறங்காமல் எது தாங்குகிறது என்பதை பாஸ்மாஜியன், பசாண்ட் என்ற இருவர் 1959-இல் தசைகளின் மின்னோட்டத்தைப் பதிவுசெய்து ஆராய்ந்தார்கள். தோளின் மேல் தடித்துத் தெரியும் செங்குத்துத் தசைகள்தான் தாங்கும் என்று யாரும் நினைப்பார்கள். எடையைத் தாங்கியதோ படுத்தவாக்கில் ஓடும் சுப்ராஸ்பைனேட்டஸும் மூட்டு உறையின் மேல்பகுதியும்தான்.

இன்னொரு அடிப்படையும் தெரிந்திருக்க வேண்டும். கையைத் தலைக்கு மேல் தூக்குவது ஒரு மூட்டின் வேலை மட்டும் இல்லை. மொத்தம் 180 பாகையில் ஏறக்குறைய 120 பாகை பந்துக்கிண்ண மூட்டில் நடக்கிறது. மீதி 60 பாகைக்கு, முதுகில் முக்கோணமாகத் தட்டுப்படும் தோள்பட்டை எலும்பு சுழன்று மேலேற வேண்டும். கூடவே மேற்கை எலும்பு வெளிப்பக்கமாகத் திரும்பவும் வேண்டும். இந்த இரண்டும் நடக்காமல் கையை மட்டும் மேலே தூக்கினால், எலும்புத் தலையின் மேடு அதற்கு மேலே கூரையாக நீட்டிக்கொண்டிருக்கும் அக்ரோமியன் எலும்பில் முட்டும். இடையில் உள்ள தசைநாணும் (தசையை எலும்போடு இணைக்கும் நாண்), உராய்வைக் குறைக்கும் சிறு நீர்ப்பையும் நசுங்கும். நமக்கு இதெல்லாம் தானாக நடந்துவிடுவதால் தெரிவதில்லை. செயலிழந்த தோளில் தானாக நடக்காது. பின்னால் வரப்போகும் பல எச்சரிக்கைகளுக்கு இதுதான் காரணம்.

## பக்கவாதம் தோளை என்ன செய்கிறது

பக்கவாதம் என்பது மூளையில் ரத்தக்குழாய் அடைபட்டோ வெடித்தோ ஒரு பகுதி சேதமாவது. தோளில் நேரடியாக எந்த அடியும் படுவதில்லை. ஆனால் தசைகளுக்கு வரும் உத்தரவு நின்றுபோகிறது. அதன் பிறகு நடப்பதைப் பொதுவாக இரண்டு கட்டமாகப் பிரிப்பார்கள்.

1. தளர்ந்த கட்டம். முதல் நாள்களிலும் வாரங்களிலும் கை துவண்டு கிடக்கும். சுப்ராஸ்பைனேட்டஸ் வேலை செய்யாததால் கையின் முழு எடையும் மூட்டு உறைமேல் விழுகிறது. ஒரு கையின் எடை உடல் எடையில் சுமார் 5 சதவீதம். 60 கிலோ ஆளுக்கு 3 கிலோ. உட்காரும்போதும் நிற்கும்போதும் அந்த 3 கிலோ இழுத்துக்கொண்டே இருந்தால் உறை மெல்ல நீண்டு தளரும்.

2. இறுகும் கட்டம். சில வாரங்களில் பலருக்குத் தசைகள் எதிர்த்திசைக்குப் போய், தேவையில்லாமல் விறைத்துக்கொள்ளும். தோளை உள்பக்கமாகத் திருப்பும் சப்ஸ்கேப்புலாரிஸும், கையை உடம்போடு சேர்த்து இழுக்கும் மார்புத் தசையும் இதில் முன்னணியில் நிற்பவை. கை மார்பை ஒட்டி மடங்கிப்போகும். வெளிப்பக்கம் திருப்பவே முடியாது.

எல்லோருக்கும் இரண்டு கட்டமும் வரும் என்றில்லை. சிலருக்குக் கை நேராகத் தேறிவிடும். சிலருக்கு மாதக்கணக்கில் தளர்ந்தே கிடக்கும்.

## 'தோள் இறங்கிப்போச்சு'

தளர்ந்த கட்டத்தில் பந்து கிண்ணத்திலிருந்து பாதி நழுவிக் கீழே இறங்குவதற்கு சப்லக்சேஷன் என்று பெயர். முழுதாகக் கழன்றுபோவது இல்லை, பாதி விலகல். நோயாளியை உட்காரவைத்துக் கையைத் தொங்கவிட்டால், தோளின் நுனி எலும்புக்குக் கீழே ஒரு பள்ளம் தெரியும். அதில் விரலை வைத்து ஒரு விரல் அகலமா இரண்டு விரல் அகலமா என்று அளப்பார்கள்.

கண்ணுக்குத் தெரிகிற கோளாறு என்பதால் எல்லாப் பழியும் இதன்மேல்தான் விழுகிறது. ஆனால் சான்றுகள் அவ்வளவு நேராக இல்லை. இரண்டு விரல் பள்ளம் இருந்தும் வலியே இல்லாதவர்கள் நிறையப் பேர் உண்டு. எக்ஸ்ரேயில் மூட்டு ஒழுங்காக இருந்தும் வலியால் துடிப்பவர்களும் உண்டு. பல ஆய்வுகளில் வலியோடு அதிகம் சேர்ந்து வந்தது மூட்டு இறங்கிய அளவு அல்ல. கையை வெளிப்பக்கம் திருப்ப முடியாமல் போனதுதான். இறங்கிய மூட்டைக் கவனிக்கவே வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. தாங்கல் இல்லாத மூட்டில் யாராவது கையைப் பிடித்து இழுத்தால் தசைநாணும் நரம்பும் எளிதில் சேதமாகும். ஆனால் "மூட்டை ஏற்றிவிட்டால் வலி போய்விடும்" என்று சொல்லி எலும்பைத் தட்டி ஏற்ற முயல்வது தவறு. தசை திரும்பப் பிடிக்காதவரை அது மறுபடி இறங்கத்தான் செய்யும். முறிவு வைத்தியம் செய்பவரிடம் கொண்டுபோய் இழுத்துக் கட்டுவதும் இதே தவறுதான்.

## வலி பிறக்கும் இடங்கள்

ஒரே ஆளுக்கு ஒன்றுக்கு மேற்பட்டவை சேர்ந்தும் வரலாம்.

1. மூட்டு உறை இறுகுதல். அசையாமல் கிடக்கும் மூட்டின் உறை தடித்துச் சுருங்கி ஒட்டிக்கொள்கிறது. ஃப்ரோசன் ஷோல்டர் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். முதலில் போவது கையை வெளிப்பக்கம் திருப்பும் அசைவு. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பக்கவாதம் இல்லாமலேயே இது வருவதுண்டு. இரண்டும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

2. தசை இறுக்கம். விறைத்த தசை இழுபடும்போது வலிக்கும். கையை மெதுவாக அசைத்தால் ஓரளவு வரும், வேகமாக அசைத்தால் திடீரென்று பிடித்துக்கொள்ளும். இப்படி வேகத்துக்கு ஏற்ப மாறும் எதிர்ப்புதான் தசை இறுக்கத்தின் அடையாளம். உறை இறுகியிருந்தால் மெதுவாக அசைத்தாலும் அதே இடத்தில்தான் நிற்கும். இரண்டையும் பிரித்துப் பார்ப்பது முக்கியம், ஏனென்றால் சிகிச்சை வேறு வேறு.

3. தசைநாண், நீர்ப்பைக் கோளாறுகள். ரொட்டேட்டர் கஃப் கிழிதல், அதன் மேலுள்ள நீர்ப்பை வீங்குதல், மேற்கையின் முன்பக்கம் புடைக்கும் பைசெப்ஸ் தசையின் நாண் அழற்சி ஆகியவை. அறுபது தாண்டியவர்களை ஸ்கேன் செய்தால் பக்கவாதமே வராத பலரிடமும் கிழிசல் தெரியும். ஸ்கேனில் கிழிசல் இருக்கிறது என்பதாலேயே வலிக்கு அதுதான் காரணம் என்று முடிவுகட்டக் கூடாது.

4. நரம்பு இழுபடுதல். துவண்ட கையைப் பிடித்துத் தூக்கும்போது கழுத்திலிருந்து கைக்கு வரும் நரம்புப் பின்னல் இழுபடலாம். கையின் மற்றத் தசைகள் தேறிவரும்போது ஏதோ ஒரு தசை மட்டும் மெலிந்துகொண்டே போனால் இதைச் சந்தேகிப்பார்கள்.

5. தோள்-கை நோய்க்குறி. வலி தோளில் மட்டும் நிற்காமல், கைவிரல்களும் புறங்கையும் வீங்கி, நிறம் மாறி, ஒரு சமயம் சூடாகவும் ஒரு சமயம் சில்லென்றும் இருக்கும். வியர்வை மாறுபடும். விரலை மடக்கினால் உயிர் போகும். முழங்கை மட்டும் பெரும்பாலும் தப்பித்திருக்கும். மருத்துவர்கள் இதைச் சுருக்கமாக சிஆர்பிஎஸ் என்பார்கள். இதைக் கண்டுபிடிக்க ரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. வலி, நிறம், சூடு, வீக்கம், அசைவு ஆகியவற்றைக் கொண்டு முடிவுசெய்யும் புடாபெஸ்ட் அளவுகோல் என்ற ஒன்றைத்தான் இன்று பயன்படுத்துகிறார்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் மாற்றிவிடலாம். தாமதித்தால் கை இறுகி, விரல்கள் பறவையின் கால்நகம் போலக் கோணிப்போகும் என்பதால் வீங்கிய கையை "நீர் கோத்திருக்கு" என்று விட்டுவிடக் கூடாது.

6. மூளையில் பிறக்கும் வலி. உடலெங்கும் இருந்து வரும் உணர்ச்சிகள் மூளையில் தலாமஸ் என்ற பகுதி வழியாகப் போகின்றன. அங்கோ அந்தப் பாதையிலோ சேதம் விழுந்தால், தோளில் ஒரு கோளாறும் இல்லாமலேயே தோள் வலிக்கும். பிரான்ஸ் நாட்டு நரம்பியல் மருத்துவர்கள் டெஜெரினும் ரூஸ்ஸியும் 1906-இல் விவரித்த நோய் இது. பக்கவாதம் வந்தவர்களில் சிறு பகுதியினருக்குத்தான் வரும். எரிச்சல், குளிர்ந்த நெருப்பு மாதிரி, ஊசி குத்துவது மாதிரி என்றெல்லாம் சொல்வார்கள். மின்விசிறிக் காற்று பட்டாலும் போர்வை உரசினாலும் வலிக்கும். தோளோடு முகமோ காலோ சேர்ந்து எரியும். மூட்டை அசைத்தாலும் அசைக்காவிட்டாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. தோளில் போடும் ஊசியும் தைலமும் இதற்கு எட்டாது.

## பரிசோதனையில் என்ன கேட்க வேண்டும்

மருத்துவர் கேட்கும் முன்பே வீட்டில் கவனித்து வைத்துக்கொள்ள வேண்டிய கேள்விகள் இவை. அசைத்தால் மட்டும் வலிக்கிறதா, சும்மா இருந்தாலுமா? இரவில் அதிகமா? கை வீங்கியிருக்கிறதா? தொட்டாலே எரிகிறதா? பக்கவாதத்துக்கு முன்பே அந்தத் தோளில் தொந்தரவு இருந்ததா? இடையில் கீழே விழுந்தாரா? இந்தப் பதில்கள் ஸ்கேனைவிட அதிகம் சொல்லும். விழுந்திருந்தால் மட்டும் எக்ஸ்ரே தாமதிக்கக் கூடாது, ஏனென்றால் பயன்படுத்தாத கையின் எலும்பு மெலிந்துபோகும்; சின்ன விழுதலிலேயே மேற்கை எலும்பின் கழுத்து உடையலாம்.

பேச்சுப் போனவர்களிடம் இது கடினம். வலது பக்கம் செயலிழந்தவர்களில் பலருக்குப் பேச்சும் பாதிக்கப்பட்டிருக்கும். ஆமாம், இல்லை என்பதுகூடத் தடுமாறும். ஒரே கேள்வியை மாற்றி மாற்றி இரண்டு தடவை கேட்க வேண்டும். சிரித்த முகத்திலிருந்து அழும் முகம் வரை வரைந்த படத்தைக் காட்டித் தொடச் சொல்லலாம். பயிற்சி நேரம் வந்தால் முகம் சுளிப்பது, கையைப் பொத்திக்கொள்வது, தூங்காமல் இருப்பது, காரணமில்லாமல் எரிந்து விழுவது எல்லாம் வலியின் மொழிதான். "சோம்பேறித்தனம், எக்சர்சைஸ் செய்ய மாட்டேங்கிறார்" என்று திட்டு வாங்குபவர்களில் கணிசமானோர் தோள் வலியோடு இருப்பவர்கள்.

இடது பக்கம் செயலிழந்தவர்களில் சிலருக்கு வேறொரு சிக்கல் உண்டு. தன் உடம்பின் இடப்பக்கத்தையே மூளை கவனத்திலிருந்து தள்ளிவிடும். கை நாற்காலிக்கு வெளியே தொங்கி நசுங்கினாலும் அவருக்குத் தெரியாது.

## வீட்டில் நடக்கும் சேதம்

வலியை வரவழைக்கும் காரணங்களில் நம் கையில் இருப்பவை இங்கேதான் அதிகம். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. யாரும் சொல்லித்தருவதும் இல்லை.

தூக்குவதில் தொடங்கலாம். கட்டிலிலிருந்து எழுப்பும்போது ஒருவர் செயலிழந்த கையைப் பிடித்து இழுப்பார், இன்னொருவர் அக்குளுக்கு அடியில் கைகொடுத்துத் தூக்குவார். இரண்டிலும் முழு உடம்பின் எடையும் தாங்கலில்லாத அந்த மூட்டின் வழியாகப் போகிறது. பிடிக்க வேண்டிய இடம் இடுப்பு. அகலமான பெல்ட்டோ, இடுப்பில் இறுக்கிக் கட்டிய துண்டோ போதும். தோளைப் பிடித்தே ஆக வேண்டுமென்றால், கையை அல்ல, பின்பக்கம் தோள்பட்டை எலும்பின்மேல் உள்ளங்கையை வைத்துத் தாங்க வேண்டும்.

உடை மாற்றும்போது செயலிழந்த கைக்கு முதலில் போட்டு, கழற்றும்போது அதைக் கடைசியாகக் கழற்ற வேண்டும். தலைவழியாகப் போடும் பனியனையும் நைட்டியையும் சில மாதம் ஒதுக்கிவைத்து, முன்பக்கம் பொத்தான் வைத்த தளர்வான சட்டைக்கு மாறினால் தினமும் நாலு தடவை நடக்கும் இழுபறி நின்றுவிடும்.

படுக்கும் விதம்:

1. மல்லாந்து படுக்கும்போது தோள்பட்டை எலும்புக்கு அடியிலும் கைக்கு அடியிலும் தலையணை. கை உடம்பிலிருந்து சற்று விலகி, உள்ளங்கை மேல்நோக்கி இருக்கட்டும்.
2. நல்ல பக்கமாகப் படுக்கும்போது செயலிழந்த கையை முன்னால் நீட்டி, மார்பு உயரத்துக்குத் தலையணை அடுக்கி அதன்மேல் வைக்க வேண்டும்.
3. செயலிழந்த பக்கம் படுக்கவே கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். படுக்கலாம். தோளை முன்னால் எடுத்துவிட்டுப் படுக்கவைக்க வேண்டும், உடம்புக்கு அடியில் மாட்டிக்கொள்ளக் கூடாது. வலித்தால் வேண்டாம்.

உட்காரும்போது கை மடியில் கிடப்பதைவிட மேசையிலோ, சக்கர நாற்காலியில் பொருத்திய பலகையிலோ இருப்பது நல்லது. தினமும் அரைமணி நேரம் தோளை வெளிப்பக்கம் திருப்பிய நிலையில் தாங்கி வைத்தாலே, அந்த அசைவு இறுகிப்போவது குறைகிறது என்று ஆஸ்திரேலியாவில் நடந்த 2005-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று காட்டியது. செலவே இல்லாத சிகிச்சை.

கழுத்தில் மாட்டும் கைப்பட்டை, அதாவது ஸ்லிங், பற்றி மருத்துவர்களிடமே கருத்து வேறுபாடு உண்டு. துவண்ட கை உள்ளவர் நிற்கும்போதும் நடக்கும்போதும் அது எடையைத் தாங்கும், பயன் உண்டு. ஆனால் அது கையை மடக்கி உள்பக்கம் திருப்பிய நிலையிலேயே வைக்கிறது, அதாவது தோள் எப்படி இறுகிவிடுமோ என்று பயப்படுகிறோமோ அதே நிலையில். எனவே உட்கார்ந்ததும் கழற்றிவிட வேண்டும். நாள் முழுக்க ஸ்லிங்கோடு கட்டிலில் படுத்திருப்பவரைப் பார்த்தால் அதை அவிழ்த்துத் தலையணை வைப்பதே முதல் சிகிச்சை.

எண்ணெய் தேய்ப்பதும் ஒத்தடமும் நம் வீடுகளில் தவிர்க்க முடியாதவை. மென்மையாகத் தேய்ப்பதில் கெடுதல் இல்லை. தேய்த்து முடித்துக் கையைப் பிடித்துச் சொடுக்கு எடுப்பதில்தான் இருக்கிறது. ஒத்தடத்தில் வேறு ஆபத்து: தொடு உணர்ச்சி போன தோலுக்குச் சூடு தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் வீட்டாருக்கே தெரியும். சூட்டை எப்போதும் நல்ல கையிலோ, கொடுப்பவரின் கையிலோ பார்த்த பிறகு வைக்க வேண்டும்.

## ஜன்னல் கம்பியில் கட்டிய கயிறு

கையை மேலே தூக்கும் பயிற்சிக்காகக் கூரையிலோ ஜன்னல் கம்பியிலோ கப்பி மாட்டி, நல்ல கையால் கயிற்றை இழுத்து மோசமான கையைத் தூக்குவது பல வீடுகளில் இன்றும் நடக்கிறது. சில பிசியோதெரபி நிலையங்களிலும் மாட்டிவைத்திருக்கிறார்கள். இதை விட்டுவிட வேண்டும்.

1990-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று 28 பக்கவாத நோயாளிகளை மூன்று குழுவாகப் பிரித்தது. பயிற்சியாளரே கையை அசைத்துக்கொடுத்த குழுவில் 8 சதவீதம் பேருக்குத் தோள் வலி வந்தது. சக்கரப் பலகையில் கையை வைத்து மேசைமேல் உருட்டிய குழுவில் 12 சதவீதம். கப்பிக் குழுவில் 62 சதவீதம். சிறிய ஆய்வுதான், ஆனால் வித்தியாசம் அவ்வளவு பெரியது. அமெரிக்க இதய சங்கத்தின் 2016-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறியும் தலைக்கு மேல் இழுக்கும் கப்பிப் பயிற்சி வேண்டாம் என்றே சொல்கிறது. காரணம் முதலில் பார்த்ததுதான். கயிறு கையை இழுக்கும், தோள்பட்டை எலும்பைச் சுழற்றாது. எலும்பு எலும்பில் முட்டும்.

இரண்டு கையையும் கோத்துக்கொண்டு வேகமாகத் தலைக்கு மேல் தூக்குவதும் கிட்டத்தட்ட இதே கதைதான். தோள்பட்டை எலும்பு கூடவே சுழல்கிறது, கை வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறது என்று உறுதியாகாத வரை 90 பாகைக்கு மேல், அதாவது தோள் உயரத்துக்கு மேல், கையைத் தூக்க வேண்டாம். அதற்குப் பதில் மேசைமேல் துண்டை விரித்து, கோத்த கைகளை அதன்மேல் வைத்து முன்னும் பின்னும் நகர்த்தலாம்.

## சிகிச்சை

1. அசைவுப் பயிற்சி. எல்லா வகைக்கும் அடித்தளம் இதுதான். வலி வராத எல்லைக்குள், மெதுவாக, வெளிப்பக்கம் திருப்பும் அசைவுக்கு முன்னுரிமை கொடுத்துச் செய்ய வேண்டும். "வலிச்சாதான் சரியாகும்" என்ற கொள்கைக்கு இங்கே இடமில்லை.

2. மின்தூண்டல். தோலின்மேல் பட்டைகளை ஒட்டி, சுப்ராஸ்பைனேட்டஸையும் தோளின் பின்பக்கத் தசையையும் மின்சாரத்தால் சுருங்கவைப்பது. ஆரம்பத்திலேயே தொடங்கினால் மூட்டு இறங்குவதைக் குறைக்கிறது. வலியைக் குறைக்கிறதா என்பதில் முடிவுகள் ஒன்றுபோல் இல்லை.

3. பட்டை ஒட்டுதல். விளையாட்டு வீரர்கள் ஒட்டிக்கொள்ளும் டேப் போன்றது. சிலருக்கு வலி வருவதைத் தள்ளிப்போடுகிறது. கையின் இயக்கம் இதனால் தேறாது.

4. ஸ்டீராய்டு ஊசி. மூட்டுக்குள்ளோ நீர்ப்பையிலோ போடுவது. அழற்சியோ உறை இறுக்கமோ தெளிவாக இருப்பவர்களுக்குப் பயன்படலாம். சர்க்கரை நோயாளிகளுக்குச் சில நாள் சர்க்கரை ஏறும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

5. நரம்பைத் தற்காலிகமாக மரக்கச் செய்தல். தோள் மூட்டின் உணர்ச்சியில் பெரும்பகுதியைச் சுமப்பது சுப்ராஸ்கேப்புலர் நரம்பு. அதைச் சுற்றி மருந்து செலுத்தினால் வலி வாரக்கணக்கில் குறைவது ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. அந்த இடைவெளியில் பயிற்சியைத் தொடர முடிவதுதான் இதன் உண்மையான லாபம்.

6. போட்டுலினம் டாக்சின். அழகுக்காகப் போடும் போட்டாக்ஸ் ஊசியேதான். விறைத்த சப்ஸ்கேப்புலாரிஸிலோ மார்புத் தசையிலோ செலுத்தினால் ஒன்றிரண்டு வாரத்தில் தசை தளரும். பலன் சுமார் மூன்று மாதம் நிற்கும். விலை அதிகம். தசை இறுக்கம் இல்லாத தோளில் போட்டால் பணம்தான் வீண்.

7. தோள்-கை நோய்க்குறிக்குச் சில வாரங்கள் குறைந்து வரும் அளவில் ஸ்டீராய்டு மாத்திரை தருவது வழக்கம். அதோடு வீக்கத்தைக் குறைப்பது, மென்மையான அசைவு, கண்ணாடிப் பயிற்சி. கண்ணாடியை நடுவில் நிறுத்தி, நல்ல கை அசைவதன் பிம்பத்தைப் பார்க்கவைத்து, மோசமான கையே அசைவதுபோல் மூளையை நம்பவைப்பது இந்தப் பயிற்சி. ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி போதும்.

8. மூளையில் பிறக்கும் வலிக்கு அமிட்ரிப்டிலின், லாமோட்ரிஜின், பிரகாபலின் போன்ற நரம்பு வலி மருந்துகள். மெல்லக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். முதியவர்களுக்கு அமிட்ரிப்டிலின் தூக்கக் கலக்கம், குழப்பம், சிறுநீர் அடைப்பு தரக்கூடும் என்பதால் நரம்பியல் மருத்துவரின் பார்வையில்தான் எடுக்க வேண்டும்.

வீட்டிலிருந்து வெளியே போக முடியாதவர்களுக்குத் தமிழ்நாட்டில் ஒரு வழி உண்டு. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபியும் சேர்ந்திருக்கிறது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம். வருபவர் நோயாளியின் கையை அசைத்துவிட்டுப் போவதைவிட, தூக்குவதையும் படுக்கவைப்பதையும் பார்த்துக்கொள்பவருக்குச் செய்துகாட்டும்படி கேட்பது நல்லது. அவர் இருக்கும் நேரம் கொஞ்சம்தான். மீதி நேரம் முழுக்கக் கை வீட்டாரிடம் இருக்கிறது.

## மருந்துக் கடை மாத்திரை

தோள் வலி என்றதும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென், அசெக்ளோஃபெனாக் என்று ஏதாவது ஒன்றை மருந்துக் கடையில் வாங்கிக் கொடுத்துவிடுகிறோம். மற்றவர்களுக்கு வேண்டுமானால் சரி. பக்கவாதம் வந்தவருக்கு மூன்று காரணங்களால் இது வம்பு.

1. இந்த வகை மருந்துகளே மாரடைப்பு, பக்கவாத ஆபத்தைக் கூட்டுபவை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015-இல் இந்த எச்சரிக்கையை இன்னும் கடுமையாக்கியது.
2. அவர் ஏற்கெனவே ஆஸ்பிரினோ குளோபிடோகிரலோ, இல்லை ரத்தம் உறையாமலிருக்க வேறு மருந்தோ சாப்பிட்டுக்கொண்டிருப்பார். இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம். ஐபுபுரூஃபென் ஆஸ்பிரினின் வேலையையே தடுக்கவும் கூடும்.
3. ரத்த அழுத்தம் ஏறும், சிறுநீரகம் பாதிக்கப்படும். பக்கவாதம் வந்த பலருக்கு இவை இரண்டும் ஏற்கெனவே தடுமாறிக்கொண்டிருப்பவை.

மருத்துவர் அளவு சொன்னால் பாராசிட்டமால் முதல் தேர்வாக இருக்கலாம்.

## உடனே ஓட வேண்டிய நேரங்கள்

இடது தோளோ தாடையோ திடீரென வலித்து, வியர்த்து, மூச்சு வாங்கினால் அது தோள் வலி இல்லை என்று எடுத்துக்கொண்டு 108-ஐ அழைக்க வேண்டும். பக்கவாதத்தையும் மாரடைப்பையும் தருவது பெரும்பாலும் ஒரே ரத்தக்குழாய் நோய்தான். விழுந்த பிறகு வலித்தால் எலும்பு முறிவைப் பார்க்க வேண்டும். மூட்டு சிவந்து சூடாகிக் காய்ச்சலும் வந்தால், குறிப்பாக அண்மையில் அங்கே ஊசி போட்டிருந்தால், மூட்டுக்குள் கிருமித்தொற்றாக இருக்கலாம். அன்றைக்கே காட்ட வேண்டும்.

## எவ்வளவு நாளாகும்

வகையைப் பொறுத்தது. தசை, தசைநாண் சார்ந்த வலி ஒழுங்கான கவனிப்பில் பலருக்குச் சில மாதங்களில் அடங்குகிறது. உறை இறுகியிருந்தால் ஒரு வருடம், அதற்கு மேலும் இழுக்கலாம். தோள்-கை நோய்க்குறியில் முதல் வாரங்களில் பிடித்தவர்களுக்கும் மூன்று மாதம் கழித்துப் பிடித்தவர்களுக்கும் பலனில் நிறைய வித்தியாசம் இருக்கும். மூளையில் பிறக்கும் வலி முழுதாகப் போவது அரிது. மருந்தால் தூங்குகிற அளவுக்குக் குறைத்தாலே நோயாளிக்கு அது பெரிய மாற்றம். வலி குறைந்ததும் கையும் வேலை செய்யத் தொடங்கிவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. கையின் இயக்கம் மூளைச் சேதத்தின் அளவைப் பொறுத்தது. ஆனால் தோள் வலிக்கிறவரை அந்தக் கைக்குப் பயிற்சியே கொடுக்க முடியாது.